விக்கலுக்கு இன்னொரு கிளாஸ்

பதுளைக்குப் போகிற பஸ்ஸில், முன்சீட்டில் ஒருவர் விக்கிக்கொண்டே வந்தார். ஹாலிஎல தாண்டியும் நிற்கவில்லை. பக்கத்திலிருந்த பெண் தண்ணீர்ப் போத்தலை நீட்டிச் சிரித்தாள்: "யாரோ நெனைக்கிறாங்க போல." போக வேண்டிய இடம் இன்னும் தூரம். நான் மணியடித்து இறங்கிக்கொண்டேன்.

என் அண்ணன் செத்தது விக்கலோடு.

அவனுக்குச் சீனி வருத்தம். பதுளையில் கிளினிக், வீட்டில் மாத்திரை. கிட்னியும் கொஞ்சம் களைத்திருக்கிறது, கவனம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அண்ணன் அதையும் பகிடியாக்கினான். "மலையேறிக் களைச்சிருச்சு போல. ஒக்கார வச்சா சரியாயிரும்."

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் நோயாளியைப் பார்க்க யாரும் வெறுங்கையோடு வருவதில்லை. பிஸ்கட் பக்கெட்டோடு ஒரு வைத்தியமும் வரும். ஏதோ இலை, ஏதோ வேர், போத்தலில் கறுப்பாய் ஏதோ. கொண்டுவந்தவர் பார்க்கக் குடிக்க வேண்டும். அப்புறம் குடிக்கிறேன் என்று மூலையில் வைத்தால், வந்தவரை வாசலோடு திருப்பி அனுப்பியதற்குச் சமம். அண்ணன் எல்லாவற்றையும் குடித்தான். வாயைத் துடைத்துவிட்டு மாத்திரையையும் போட்டான். ஒரே உடம்புக்குள் இரண்டு வைத்தியம். ஒன்றின் முகம் மற்றதற்குத் தெரியாது.

அண்ணியின் அண்ணன் லுணுகலைப் பக்கத்துத் தோட்டத்துக்காரர். ஏதோ கல்யாண வீட்டு வாய்த்தகராறில் அண்ணன் வீட்டோடு பல வருடமாகப் பேச்சில்லை. நோய் என்று கேள்விப்பட்டு வந்தார், உரப்பை நிறையக் காமரங்காய் சுமந்து. குறுக்கே வெட்டினால் நட்சத்திரமாய் விழுகிற புளிப்புக் காய். பிழிந்து வெறும் வயிற்றில் குடித்தால் சீனி ஓடிவிடும் என்றார்.

"கொல்லப் பாக்குறியா மச்சான்?"

"கொல்றதுனா இத்தன வருசம் விட்டு வச்சிருப்பேனா? குடிடா."

வாசலில் நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள். அண்ணன் முகத்தைக் கோணிக்கொண்டு குடித்தான். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கூடப் பிறந்தவர் திரும்பி வந்துவிட்டார். அந்தக் கிளாஸில் அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அடுத்த கிளினிக்கில் சீனி இறங்கியிருந்தது. வந்ததும் அண்ணன், யாழ்ப்பாணத்து டொக்டரைப் போலவே பேசிக் காட்டினான். "'நல்லாக் குறைஞ்சிருக்கு. வேற மருந்து ஏதும் எடுக்கிறனீங்களோ?' 'இல்லீங்க சார்.' 'அப்ப இப்பிடியே செய்யுங்கோ.'"

அவன் பொய் சொல்லவில்லை. உப்பும் மிளகாய்த்தூளும் தூவிச் சந்தையில் விற்கிற காயை யார் மருந்து என்பார்கள்? 'இப்பிடியே செய்யுங்கோ' என்பதை அண்ணி லயம் லயமாகக் கொண்டுபோனாள். "எங்கண்ணன் குடுத்ததுதான் கேட்டுச்சு. இவரு தங்கச்சி இருக்காங்களே, வருவாங்க, வாய்ப் பத்தியம் சொல்லுவாங்க, போயிருவாங்க." எனக்குக் கேட்கும்படிதான் சொன்னாள்.

ஒரு கிளாஸ் இரண்டானது. பிழிந்ததில் மிஞ்சியதை அண்ணி போத்தலில் ஊற்றி வைத்தாள். மாத்திரையும் நிற்கவில்லை. "ரெண்டு பக்கமும் அடிச்சாத்தான் சீனி சாவும்" என்றான் அண்ணன்.

பிறகு விக்கல் வந்தது.

"எவ நெனைக்கிறா மாமா?" என்று பக்கத்துக் காம்பராக்காரி கேட்டாள்.

"ஒருத்தியா ரெண்டு பேரா? வரிசையில நிக்கிறாளுக."

அண்ணிகூடச் சிரித்தாள். மறுநாளும் விக்கல். சோறு இறங்கவில்லை. புளிப்புக்கு விக்கல் அடங்கும் என்று யாரோ சொல்ல, அண்ணி உப்புப் போட்டு இன்னொரு கிளாஸ் பிழிந்து கொடுத்தாள். குடித்தான். சாயந்தரம் என்னைப் பார்த்து, "யாரு இந்தப் பொம்பள?" என்றான். நின்றவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். பகிடிக்காரனாயிற்றே. மூன்றாம் தடவை கேட்டபோதுதான் சிரிப்பு நின்றது. பதுளை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்தோம்.

"என்ன குடுத்தனீங்கள்? மறைக்காமச் சொல்லுங்கோ" என்றார் அதே கிளினிக் டொக்டர்.

"மருந்து ஒண்ணும் இல்லீங்க. எங்கண்ணன் கொண்டாந்த காமரங்கா தண்ணி மட்டுந்தான்." அந்த வார்டிலும் அவள் குரலில் பெருமை இருந்தது.

டொக்டர் பேனாவை வைத்தார். "நல்ல கிட்னி அந்தக் காயின்ர நஞ்சை வெளியில தள்ளும். களைச்ச கிட்னி தள்ளாது. இந்த விக்கல் வயித்தில இருந்து வரேல்ல அம்மா, மூளையில இருந்து வருது. மாத்திரையோட காய், இலை, எது குடிச்சாலும் சொல்ல வேணுமெல்லோ?"

"அன்னைக்கு நீங்க மருந்து எடுக்குறீங்களான்னுதானே கேட்டீங்க?"

டொக்டர் எழுந்தார். மெசினில் இரத்தம் கழுவ ஏற்பாடு செய்யப் போனார்.

சாவு வீட்டில் அண்ணியின் அண்ணன் நடுவில் நின்று, "இங்கிலீசு மாத்திர தின்னே செத்தான்" என்றார். போகும்போது மிஞ்சிய காய்களை உரப்பையில் கட்டி எடுத்துக்கொண்டார். அடுத்த டிவிசனில் யாருக்கோ சீனியாம். எங்கள் பக்கத்துப் பெண்கள் வேறு விதமாகக் கணக்குத் தீர்த்தார்கள். அண்ணி தேத்தண்ணீர்த் தட்டோடு ஒவ்வொருவர் முன்னாலும் குனிந்தாள். ஒருத்தியும் கிளாஸைத் தொடவில்லை. தேத்தண்ணீரின் ஆவி அடங்கும்வரை அவளை நிற்க வைத்துவிட்டு முகத்தைத் திருப்பினார்கள். இன்றைக்கும் அவள் கையால் யாரும் எதுவும் வாங்கிக் குடிப்பதில்லை.

ஆஸ்பத்திரியில் ஒருமுறை இரத்தம் கழுவியதில் அண்ணனுக்குக் கொஞ்சம் தெளிவு வந்திருந்தது. இரண்டாம் முறை, கடைசியாக, தள்ளிக்கொண்டு போகையில் என்னை அடையாளம் கண்டு தலையசைத்தான். அண்ணி கட்டில் கம்பியைப் பிடித்தபடி கூடவே ஓடினாள். "ஒண்ணுமில்லீங்க, வந்துருவீங்க." கதவருகே கட்டில் நின்றது. விக்கலுக்கும் விக்கலுக்கும் நடுவே இடம் பார்த்து, அவன் அவளிடம் பேசினான்.

"அடியே, போத்தல்ல மிச்சம் இருக்குல்ல... கொட்டிறாத. ஒங்கண்ணன் வருவான். அவன் பாக்க நீ குடி."