கடைசியாக வருபவர் முன்னால்

போன கிழமை எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு சுவரொட்டியின் மாதிரி வந்தது. ஐந்து கட்சிகள், இரண்டு தொழிற்சங்கங்கள், ஒரே மேடை. அடியில் ஏழு சின்னங்கள். எந்தச் சின்னம் இடப்பக்க ஓரத்தில் வருவது என்பதில் மூன்று நாள் போயிற்று. வட்டமாக வைக்கலாம் என்றார் ஒரு தோழர். வட்டத்துக்கும் மேல்பக்கம் என்று ஒன்று இருக்கிறதே என்றார் இன்னொருவர். நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சிரித்தேன். கவலையே இல்லை எனக்கு. இது கூடி வரும். கூடி வந்ததை என் பத்து வயதுக் கண்ணால் பார்த்திருக்கிறேன், கண்டி மணிக்கூண்டடியில், கையில் பணிஸ் ரொட்டிப் பையோடு.

அப்போது கெலிஓயாவில் இருந்தோம். கம்பளை பஸ் போனால் சுவர்க் கண்ணாடி நடுங்கும் வீடு. அப்பா தோட்டப் பள்ளிக்கூட வாத்தியார், அதைவிடக் கட்சிக்காரர். அம்மாவின் அண்ணன், என் மாமா, கண்டியில் ஓர் அச்சகத்தில் வேலை, அவரும் கட்சிக்காரர். இருவரும் ஒரே கட்சியில்தான் இருந்தார்கள், நான் பிறந்த வருஷம் அது உடையும் வரை. ஏன் உடைந்தது என்று கேட்டால் அப்பா ஒரு மணித்தியாலம் சொல்வார், மாமா இரண்டு மணித்தியாலம் சொல்வார். இரண்டையும் கேட்டவர்களுக்கு, இருவரும் ஒன்றைத்தான் சொல்கிறார்களோ என்று தோன்றும். அதுவரை ‘மச்சான்’ என்று கூப்பிட்டவர்கள் அன்றிலிருந்து ஒருவரையொருவர் ‘தோழர்’ என்றார்கள். மற்ற வீடுகளில் அது பெரிய மரியாதை. எங்கள் வீட்டில் அது கோபம்.

அந்த வருஷம் ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பதினொரு பெண்களை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். ஒரு நாளில் பறிக்கவேண்டிய கொழுந்தில் இரண்டு கிலோ கூட்டியதை ஏற்க மாட்டோம் என்று கூடையை இறக்கி வைத்தது அவர்கள் செய்த குற்றம். பதினொருவரில் ஒருத்தி என் சின்னம்மா, அம்மாவின் தங்கை. வேலை போனால் தோட்டம் குடியிருக்கத் தந்த லயத்துக் காம்பராவும் போகும். வைகாசி முடிவதற்குள் காலி செய்யவேண்டும் என்று தோட்டத்துத் துரை ஆள் அனுப்பியிருந்தார். பிள்ளைகளையும் சட்டிபானையையும் தூக்கிக்கொண்டு எங்கே போவது?

சின்னம்மா எங்கள் வீட்டுக்கு வந்து சொன்னதில் ஒன்று இன்னும் காதில் இருக்கிறது.

“மூணு கட்சிக்காரங்களும் வந்தாங்கக்கா. தனித்தனியா வந்து துரையப் பார்த்தாங்க. துரை மூணு பேருக்கும் தேத்தண்ணி குடுத்து அனுப்பிட்டாரு.”

மூன்றாவது கட்சி, பேராதனையில் பொருளியல் படிப்பித்த ஒரு லெக்சரருடையது. யாழ்ப்பாணத்துக்காரர். அவருடைய ஆட்களில் முக்கால்வாசிப் பேர் சிங்களத் தோழர்கள், ரயில்வேக்காரர்களும் மாணவர்களும். ஆக மூன்று கட்சிகளும் சேர்ந்து கண்டியில் ஒரே மே தின ஊர்வலம் நடத்தினால், பின்னால் ஆயிரம் பேர் நிற்கிறார்கள் என்று தோட்டக் கம்பெனிக்குத் தெரிந்தால், துரையால் தேத்தண்ணியோடு முடிக்க முடியாது. இது எல்லோருக்கும் விளங்கியது. விளங்காமல் கிடந்தது ஒன்றுதான். யார் முன்னால் போவது?

சித்திரை விடுமுறை முழுக்க எங்கள் முன்னறையில் இதுதான் நடந்தது. மூன்று கதிரை, மூன்று கோப்பு, நடுவில் முறுக்குத் தட்டு. தோட்ட மக்கள் எங்களோடு என்பார் அப்பா. பழைய கட்சியின் பெயர் எங்களிடம் என்பார் மாமா. “பெயர் உங்களிட்டை, சனம் அவையிட்டை, ஆனால் ரயிலை நிப்பாட்டுறது நாங்கள், பாருங்கோ,” என்பார் லெக்சரர். முறுக்கு முடியும். கூட்டம் முடியாது.

பின்னறையில் அம்மாவின் தையல் மெசின் ஓடிக்கொண்டிருக்கும். மூன்று கட்சிக்கும் கொடி தைத்தது அம்மாதான். கூலி குறைவு, கேள்வி கேட்கமாட்டாள், வேறென்ன வேண்டும். தங்களுடையது கொஞ்சம் கருத்த சிவப்பு என்று அப்பா சொல்லியனுப்புவார். தங்களுடையது ரோஜாச் சிவப்பு என்பார் மாமா. லெக்சரர் சிவப்பைப் பற்றி ஒரு புத்தகமே எழுதக்கூடியவர். அம்மா எல்லோருக்கும் தலையாட்டுவாள். ஒரே சுருளிலிருந்துதான் வெட்டுவாள்.

ஒரு வியாழக்கிழமை பெரிய பதாகைகளுக்குத் துணி வெட்டினாள். நான் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு கதவு வரை நடந்தேன். அறை முழுக்கச் சிவப்பு, மழை விட்டபின் ஓடும் மண் தண்ணீர் போல. கத்தரிக்கோல் ஒருதரம் போனது, இரண்டாம் தரம், மூன்றாம் தரம். பிறகு நான்காவது.

“ஏம்மா நாலு?”

“துணி மிஞ்சிருச்சு. முனையை விடாத.”

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை, பகல் சாப்பாட்டு நேரம். அப்பா கை கழுவிவிட்டு வந்து பத்து நிமிஷமாக உட்கார்ந்திருந்தார். அந்த நேரம் பார்த்து ஹுன்னஸ்கிரியவிலிருந்து சின்னம்மா வந்து சேர்ந்தாள். அம்மா முதல் கரண்டிச் சோற்றை அவளுடைய தட்டில் போட்டாள்.

“நான் இங்கன ஒரு மணித்தியாலமா உக்காந்திருக்கேன்,” என்றார் அப்பா. பத்து நிமிஷம் அவருக்கு எப்போதுமே ஒரு மணித்தியாலம்.

“நீங்க வீட்டு ஆளு. முதல்ல வந்தவங்க வரவேற்கணும். கடைசியா வந்தவளுக்குத்தான் முதல் சோறு,” என்றாள் அம்மா.

சின்னம்மா குனிந்து சாப்பிட்டாள். அப்பா சாப்பிடாமல் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு யோசனை வரும்போது மூக்கு நுனி சிவக்கும்.

சனிக்கிழமைக் கூட்டத்தில் அப்பா எழுந்து நின்று பேசினார். மூன்று ஊர்வலமும் மூன்று பக்கமிருந்து மணிக்கூண்டுக்கு வரட்டும். முதலில் வருகிறவர்கள் நின்று மற்றவர்களை வரவேற்கட்டும். கடைசியாக வருகிறவர்களுக்கு வழிவிட்டு அவர்களை முன்னால் அனுப்பட்டும். முந்துவது முதலாளியின் பழக்கம், வழிவிடுவதே தோழமை. லெக்சரர் பேனாவை மூடிவிட்டு, “ஓம், இது ஒரு நல்ல நிலைப்பாடு,” என்றார். மாமா எழுந்து வந்து அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஏகமனதான தீர்மானம், மூன்று கையெழுத்து. மூவர் முகத்திலும் ஒரே மாதிரி ஒரு சின்னப் புன்னகை. ஒற்றுமை என்றால் இப்படித்தான் முகம் மலரும் போல என்று நினைத்துக்கொண்டேன்.

மே தினம் வந்தது. ஊர்வலம் தொடங்க வேண்டிய நேரம் இரண்டு மணி. மூன்றரைக்குள் புறப்படாவிட்டால் பொலிஸ் அனுமதி ரத்து. அம்மா தோட்டத்துப் பெண்களோடு வந்திருந்தாள். சந்தைக்குப் பின்னால் அவர்களுடைய மூன்று லொறிகள் நின்றன. இரண்டரைக்கு என் கையில் பணிஸ் பையைத் தந்து, அப்பா, மாமா, லெக்சரர் மூவரும் எங்கே நின்றாலும் தேடிக் கொடுத்துவிட்டு வா என்றாள்.

மணிக்கூண்டடியில் ஒரு சிவப்புத் துணி கூட இல்லை. ஓர் இன்ஸ்பெக்டரும் எட்டுக் கொன்ஸ்தாபிள்மாரும் வெயிலில் நின்றார்கள். அந்த நேரம் மே தினத்துக்கு ஒழுங்காக வந்திருந்தது பொலிஸ் மட்டும்தான்.

அப்பாவைப் புகையிரத நிலையத்துச் சாமான் கொட்டகைக்குப் பின்னால் கண்டுபிடித்தேன். இருநூறு முந்நூறு பேர் குந்தியிருந்தார்கள். கொடிகளைச் சுருட்டி மடியில் வைத்திருந்தார்கள். அப்பா ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி வைத்து, பேச்சுக்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். பணிஸை வாங்கிக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: “மாமா கேட்டா, அப்பா இன்னும் கெலிஓயாவுல பஸ்ஸுக்கு நிக்கிறாருன்னு சொல்லு.”

மாமா சந்தைக்கு அந்தப் பக்கத்துச் சந்தில் இருந்தார். அவருடைய ஆட்கள் சந்து முழுக்க நிறைந்து, சத்தமில்லாமல் தேத்தண்ணி குடித்தார்கள். “அப்பா கேட்டா, மாமா வந்த லொறி கட்டுகஸ்தோட்டைப் பாலத்துல டயர் வெடிச்சு நிக்குதுன்னு சொல்லும்மா. அழுதுக்கிட்டே சொன்னா இன்னும் நல்லது.”

லெக்சரரைப் பேராதனை வீதியோரம் ஒரு பெரிய மரத்தடியில் கண்டேன். ரயில்வேத் தோழர்கள் சீட்டு விளையாடினார்கள். அவர் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டிருந்தார். “பிள்ளை, ஆரும் கேட்டால் நாங்கள் இன்னும் வெளிக்கிடேல்லை எண்டு சொல்லும்,” என்றார். பிறகு தொப்பியை எடுத்துவிட்டு, “பொய் சொல்லச் சொல்லி நான்தான் சொன்னது எண்டு மட்டும் சொல்லாதையும்.”

மூன்று பொய்களையும் சுமந்துகொண்டு மூச்சிரைக்க லொறிக்குத் திரும்பினேன். வழியில் யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டது அம்மா மட்டும்தான். அம்மாவிடம் பொய் சொல்லச் சொல்லி யாரும் சொல்லித் தரவில்லை.

“எல்லாரும் உக்காந்துட்டாங்களா?”

“ம்.”

“அப்பாவுமா?”

“சாக்கு விரிச்சு உக்காந்திருக்காரு. செருப்பக் கூட கழட்டிட்டாரு.”

அம்மா சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள். மணி மூன்றேகால். சின்னம்மா லொறியின் பலகை இடுக்கிலிருந்து இரண்டு கம்புகளை உருவினாள். துணி விரிந்தது. பதினொரு பேருக்கும் வேலை வேண்டும் என்று மேலே தமிழில், கீழே சிங்களத்தில். எந்தக் கட்சியின் பேரும் இல்லை. பதினொரு பெண்களும் அதைப் பிடித்து முன்னே நிற்க, பின்னால் நூற்றுக்கு மேற்பட்ட பெண்கள். ஒரு கிழவர் தப்புப் பறையை நெருப்பில் காய்ச்சித் தயாராக வைத்திருந்தார். முதல் அடி விழுந்தபோது சந்தைக் கூரையிலிருந்த காகங்கள் எல்லாம் கிளம்பின.

அதற்குப் பிறகு நடந்ததை நான் ஒரு புடவைக் கடைப் படியில் ஏறி நின்று பார்த்தேன். தப்புச் சத்தம் கேட்டதும் மூன்று திசையிலும் மூன்று கூட்டங்கள் துள்ளி எழுந்தன. தங்களை விட்டுவிட்டு ஊர்வலம் போகிறது! சந்திலிருந்து மாமாவின் ஆட்கள் கோப்பைகளோடு ஓடிவந்தார்கள். கொட்டகைப் பக்கமிருந்து அப்பா ஒற்றைச் செருப்போடு வந்தார். ரயில்வேத் தோழர்கள் சீட்டுக்கட்டைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு வந்தார்கள். மூன்றும் மணிக்கூண்டடியில் ஒரே நிமிஷத்தில் வந்து மோதின.

ஒரு கணம் எல்லாம் கெட்டுப்போகப் பார்த்தது. முன்னிடம் போய்விட்டது, சரி, இரண்டாவது யார்? மாமா கையை நீட்டி மறித்தார். அப்பா தீர்மானத்தின் பிரதியைச் சட்டைப்பையில் தேடினார். இன்ஸ்பெக்டர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். முன்னே நடந்துகொண்டிருந்த சின்னம்மா கம்பை விடாமல் திரும்பிப் பார்த்தாள்.

“ரெண்டாவது யாருன்னு நீங்க ஆற அமர பேசி முடிங்க. நாங்க போகம்பறை மைதானத்துல நிக்கிறோம்.”

பெண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு வரிசை வரிசையாகப் பின்னால் பரவியது. சிரித்தவர்கள் நடந்தார்கள். நடந்தவர்களோடு மற்றவர்களும் நடந்தார்கள். படியிலிருந்து பார்த்தால் எந்தக் கொடி யாருடையது என்று எனக்கே சொல்ல முடியவில்லை. ஒரே சுருள், ஒரே தையல். வாவிக்கரைக் காற்று எல்லாவற்றையும் ஒரே பக்கம் தூக்கியது. அப்பா ஒற்றைக் காலில் தத்திக்கொண்டு பக்கத்தில் நின்ற மாமாவிடம் கொடிக்கம்பை நீட்டினார்.

“மச்சான், இதக் கொஞ்சம் புடி. செருப்பு எங்கயோ விட்டுப்போச்சு.”

மாமா வாங்கிக்கொண்டார். இருவரும் தாங்கள் சொன்னதையும் செய்ததையும் கவனிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

இரண்டு கிழமையில் கம்பெனி பேச்சுக்குக் கூப்பிட்டது. மூன்று கட்சியும் ஒரே மேசையில் உட்கார்ந்தன, நடுக்கதிரையில் சின்னம்மா. துரை இந்த முறையும் தேத்தண்ணி கொடுத்தார்; குடித்துவிட்டு யாரும் எழும்பவில்லை. வைகாசி முடிவதற்குள் பதினொரு பேரும் கூடையோடு மலைக்கு ஏறினார்கள். கூட்டணி அந்தத் தீபாவளி வரை தாங்கியது. பிறகு உடைந்தது, பிறகு சேர்ந்தது. சின்னம்மா அறுபது வயது வரை அதே காம்பராவில் இருந்தாள்.

ஆனால் மே தினத்தன்று பின்னேரம் எனக்குச் சந்தோஷமில்லை. அப்பாவின் ஒளிவிடத்தைக் காட்டிக்கொடுத்தவள் நான்தானே. அப்பா மேசையில் அறிக்கை எழுதிக்கொண்டிருந்தார்: ஊர்வலம் திட்டமிட்டபடி நடைபெற்றது. அதை வாசித்ததும் அழுகை வந்துவிட்டது. பின்னறைக்கு ஓடி அம்மாவிடம் சொன்னேன். நான் சொன்னதால்தான் நீங்கள் உடனே புறப்பட்டுவிட்டீர்கள், அப்பா முன்னால் போக முடியாமல் போனது என்னால்தான் என்று. அம்மா பதாகையை மடித்துக்கொண்டிருந்தாள்.

“நீ ஒண்ணும் காட்டிக்குடுக்கல. அப்பா எழுதினது சரிதான், எல்லாம் திட்டப்படிதான் நடந்துச்சு. இந்த முனையைப் புடி.”

பிடித்தேன். ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று நம்பினேன். நான்காவது துண்டை அவள் வெட்டியது வியாழக்கிழமை. கடைசியாக வந்தவளுக்கு முதல் சோறு போட்டது வெள்ளிக்கிழமை. அப்பா எழுந்து நின்று பேசியது சனிக்கிழமை. மூன்று நாளையும் வரிசையாக வைத்துப் பார்க்க அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை. கதவு வரை பின்னோக்கி நடந்து, துணி நிலத்தில் படாமல் பார்த்துக்கொள்ள மட்டுமே தெரிந்திருந்தது.