கடைசிக் கையெழுத்து

காலையில் எழுந்ததும் அத்தை முகம்கூடக் கழுவமாட்டாள். நேராக ஜன்னலுக்குப் போய், சுண்டுவிரலைக் கம்பியில் தேய்த்து நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பாள். "ராத்திரி நல்ல காத்துடா" என்பாள். பிறகு ஈரத்துணியால் ஒவ்வொரு கம்பியாக உப்பைத் துடைப்பாள். விட்டால் கடல் இரும்பைத் தின்றுவிடும்.

விலை ஏறும் என்று கடற்கரை அடுக்குமாடிக் கட்டடத்தில் மாமா வாங்கிப் போட்ட வீடு அது. அவர் போனபின், நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற அத்தை அங்கேயே குடிவந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை கிடைத்ததும் நானும் ஒட்டிக்கொண்டேன். கட்டடத்தின் பன்னிரண்டு வீடுகளில் ஆள் குடியிருந்தது எங்களுடையதில் மட்டும்தான். மற்றதெல்லாம் சுற்றுலா வருபவர்களுக்கு நாள் வாடகை. சக்கரப் பெட்டிகள் தடதடவென்று வரும், போகும். அத்தையை வேலைக்காரி என்று நினைத்து, "ஆன்ட்டி, டவல் மாத்தலையே?" என்பார்கள்.

"உங்கம்மா வந்து மாத்துவா, போ!"

ஒருநாள் வீட்டு உரிமையாளர் சங்கச் செயலாளர் வந்தார். கட்டடத்தை இடித்து ஹோட்டல் கட்டப் போகிறார்களாம். எல்லா உரிமையாளர்களும் சம்மதித்தால்தான் நடக்கும்.

"எல்லாரும் கையெழுத்து போட்டாச்சும்மா. நீங்க ஒருத்தர்தான் பாக்கி."

"நீங்கல்லாம் காசு போட்டு வச்சிருக்கீங்க. நான் குடியிருக்கேன்யா!"

"உங்க ஒருத்தர் பிடிவாதத்துல இத்தனை குடும்பம் தொங்கிட்டு நிக்குது. நர்ஸா இருந்தவங்க, உங்களுக்கு நான் சொல்லணுமா?"

அந்தக் கடைசி வார்த்தைதான் அத்தையைக் குத்தியது. நான் வாசற்படியில் நின்றேன்.

மற்றவர்கள் போட்டது நிஜமா என்று யாரையாவது கேட்டுவிடலாமென அத்தை மாடி மாடியாக ஏறிக் கதவைத் தட்டினாள். இடுப்பில் துண்டோடு ஒருவன் திறந்தான்.

"வீட்டுக்காரர் யாருப்பா?"

"தெரியாது பாட்டி. ஆப்ல புக் பண்ணோம்."

மூச்சு வாங்க இறங்கி வந்தாள். "பாட்டியாம்! தொந்தியைப் பாரு, இவன் எனக்குப் பேரனாம்!" சிரிக்கப் போனவன் அவள் கண்ணைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். பக்கத்து வீட்டுக்காரர் என்று ஒரு முகம்கூட இல்லாத கட்டடம். செயலாளர் சொல்வது பொய்யா மெய்யா என்று சுவரைத்தான் கேட்க வேண்டும்.

மறுநாள் கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூடிக்கூடக் கொடுக்கவில்லை, விட்டெறிந்தாள்.

இப்போது ஊருக்குள்ளே வாடகை வீடு. ஜன்னலுக்கு எதிரே அடுத்த வீட்டுச் சுவர். முதல் நாள் காலை, பழக்கத்தில் கம்பியைத் தொட்டு நாக்கில் வைத்தவள் தூவென்று துப்பினாள். "வெறும் தூசி."

போன மாதம் எங்கள் கடைக்கு ஒருவர் மூக்குக்கண்ணாடி மாற்ற வந்தார். பேச்சுவாக்கில் அந்தக் கட்டடத்தின் மேல்மாடி வீட்டுக்காரர் என்று தெரிந்தது. எனக்குக் கை நின்றுவிட்டது. நான் யார் என்று சொன்னேன்.

"அட, அந்த நர்ஸம்மா மருமகனா? எனக்கு விக்க இஷ்டமே இல்ல தம்பி. அங்கேயே குடியிருக்கிற அம்மாவே போட்டுட்டாங்கன்னு செயலாளர் கையெழுத்தைக் காட்டினார். அப்பறம்தான் நாங்க ஒவ்வொருத்தரா போட்டோம். முதல் கையெழுத்து அவங்களுதுதானே."