மல்லாந்து கிடந்தவையும் மங்கலான விளக்கும்

வெளிச்சத்தைத் தின்று ஓர் உயிர் வயிற்றை நிரப்ப முடியுமா? பெரியம்மா இதைக் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போது தெரியும், அதனால்தான் அவள் கதையை எழுதுகிறேன்.

மீன் காட்சியகத்தில் பெரியம்மாவின் பொறுப்பில் இருந்தவை தலைகீழ் ஜெல்லிமீன்கள். மற்ற ஜெல்லிமீன்கள் குடை விரித்து நீந்தும். இவை குடையை மணலில் பதித்து, கிளைத்த கைகளை மேலே நீட்டி மல்லாந்து கிடக்கும். சீண்டினால் கொட்டும் சளியைத் தண்ணீரில் கலந்துவிடும். தொடாமலே கை எரியும். “என் ஓரகத்தி பேச்சு மாதிரி, பக்கத்துல போனாலே போதும்” என்பாள் பெரியம்மா.

அந்த ஓரகத்தி, என் சித்தி, பக்கத்துத் தொட்டியைப் பார்த்துக்கொண்டாள். அவளுடைய நிலா ஜெல்லிகள் இருட்டில், நீல ஒளியில் மிதக்கும். அங்கே கூட்டம் நெரியும். இங்கே கண் கூசும் வெள்ளை விளக்கின் கீழ் பழுப்பு உருண்டைகள். வருகிறவர்கள், “செத்துப்போச்சு போல” என்று நகர்ந்துவிடுவார்கள். பெரியம்மாவுக்கு வயிறு எரியும். வீட்டில் சித்தி புதுச் சேலை கட்டினாலே அவளுக்குச் சோறு இறங்காது, இது வேறு.

மேற்பார்வையாளர் ஒருநாள் சொன்னார்: “புது முகப்புக் கூடத்துக்கு ஒரு தொட்டிதான் போகும். எதுக்குக் கூட்டமோ அதுக்கு. பார்த்துக்கிறவங்களும் கூடவே போகலாம்.”

பெரியம்மா வெள்ளை விளக்கை அணைத்துவிட்டு மங்கலான நீல விளக்கு ஒன்றை மாட்டினாள். அந்த வெள்ளை விளக்கு எதற்கு என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை. நீல ஒளியில் பழுப்புக் கைகள் பூங்கொத்தாகத் தெரிந்தன. கூட்டம் இந்தப் பக்கம் திரும்பியது. பெரியம்மா வாசலைப் பார்த்தே நின்றாள், தொட்டியைப் பார்க்கவில்லை.

சில வாரங்களில் ஜெல்லிமீன்கள் வெளுத்துச் சுருங்கின. இரையைக் கூட்டிப் போட்டாள். பலனில்லை.

“அக்கா, உங்க பிள்ளைங்க இளைச்சுப்போச்சே” என்றாள் சித்தி.

“கண்ணு வச்சா இளைக்காம?”

“நானா? உங்களைப் பார்த்தா எனக்குத்தான் பொறாமை. என்னோடது தண்ணி சுழலாட்டி அடியில விழுந்துரும். எந்நேரமும் பம்ப் பக்கத்துலயே காவல். உங்களுது படுத்துக்கிட்டே சம்பாதிக்குது. அதுங்க உடம்புக்குள்ள குட்டிப் பாசி இருக்காம், இங்க வர்ற மீன் டாக்டர் சொன்னார். வெளிச்சம் பட்டா பாசி சமைக்கும், இதுங்க சாப்பிடும். நீங்க அடுப்பை அணைச்சுட்டீங்க அக்கா.”

பெரியம்மா நம்பவில்லை. கூடத்துக்குப் போகாமல் தடுக்கவே இந்தக் கதை என்று நினைத்தாள். அன்று மாலைதான் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

கூடத்துக்கு எந்தத் தொட்டி என்று முடிவாகும் நாள் காலை. நீலத் தொட்டியின் முன் நல்ல கூட்டம், மேற்பார்வையாளரும் வந்துவிட்டார். பெரியம்மா குனிந்து பார்த்தாள். ஓரத்தில் கிடந்த ஒன்றின் குடை மெல்ல ஒருமுறை துடித்தது. அடுத்த துடிப்புக்காகக் காத்திருந்தாள். வரத் தாமதமானது.

வெள்ளை விளக்கைப் போட்டாள்.

“என்னங்க இது, செத்துக் கிடக்கு” என்று கூட்டம் கலைந்தது.

கூடத்துக்குச் சித்தி போனாள். பெரியம்மாவின் வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை. சித்தியின் புதுச் சீருடையைப் பற்றி வாய் ஓயாமல் பேசுகிறாள். ஆனால் அவளுடைய பிள்ளைகளுக்குப் பழுப்பு நிறம் திரும்பிவிட்டது.

படித்தவர்கள் இதை இன்னொருவருக்குச் சொல்லுங்கள். அந்தத் தொட்டியின் முன் நின்று “செத்துப்போச்சு” என்பவர் யாரானாலும், அவருக்கு முதலில் சொல்லுங்கள்.