ஆறு ஜி.பி.யும் நூறு பதிகமும்

நகரியில் விசைத்தறிக் கூலிக்காரர் மகளாகப் பிறந்து, கம்ப்யூட்டர் படித்து, இரண்டாயிரத்து ஒன்றில் திருப்பதியில் ஒலிப்பதிவுக் கடை போட்ட சிவசங்கரிக்குத் தன் மனக்கணக்கின் மேல் அசாத்திய கர்வம். கோயிலில் பாசுரம் ஓதிச் சேவிக்கும் சாரங்கபாணி, அமெரிக்காவில் இருக்கும் மகனுக்கு அனுப்ப நூறு பதிகங்களைப் பதிய வந்தார்.

"பதிகத்துக்குப் பதினோரு பாட்டு. பாட்டுக்கு அரை நிமிஷம்" என்றார்.

நிமிடத்துக்குப் பத்து எம்.பி. என்றால் மொத்தம் ஐந்தரை ஜி.பி. கம்ப்யூட்டரில் ஆறு காலியாக இருந்தது. காகிதம்கூட எடுக்காமல், தாராளமாகப் போதும் என்று சொல்லிவிட்டாள்.

ஐந்தாம் நாள், தொண்ணூற்று மூன்றாம் பதிகத்தின் நடுவில் இடம் தீர்ந்து பதிவு நின்றது.

"கணக்கு எங்க உதைக்குது சாமி?"

"முதல் பாட்டையும் கடைசிப் பாட்டையும் ரெண்டு தடவை சேவிக்கறது வழக்கமாச்சே. நாலு நாளா கேக்கலையா நீ?"

"நான் சத்தம் காட்டுற மீட்டர் முள்ளத்தான பாத்துக்கினு இருந்தேன். மொதல்லயே சொல்லியிருந்தா, ஒரு தடவ பதிஞ்சு, காப்பி எடுத்து ஒட்டியிருப்பேன்."

"அப்போ ரெண்டாவது தடவை சேவிச்ச புண்ணியம் உன் கம்ப்யூட்டருக்குத்தானே போயிருக்கும்?"

சிவசங்கரிக்குச் சுருக்கென்றது. ஒரே மனிதர், ஒரே குரல். அதைப் போய் ஸ்டீரியோவில் இடம் வலம் என்று இரண்டாகப் பதிந்து வைத்திருக்கிறாள். விறுவிறுவென்று எல்லாவற்றையும் ஒரே தடமான மோனோவுக்கு மாற்றினாள். அளவு சரிபாதியானது.

"இப்போ நெறைய இடம் கீது சாமி" என்றாள், தலை நிமிர்ந்து.

சாரங்கபாணி தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அப்படின்னா நூறையும் முதல்லேர்ந்து இன்னொரு தடவை சேவிச்சுடறேனே."