தம்பிக்காகக் குத்திய விரல்

என் நோய் எனக்குத் தெரிந்தது, அம்மா என் தம்பியைத் திட்டிய திட்டில்தான். "மோகா, இருநூத்திப் பதினாலு காட்டுது! நேத்து இன்னாடா துன்னே?"

மோகன் என்னைவிட ஆறு நிமிடம் இளையவன். இருவருக்கும் ஒரே முகம். பன்னிரண்டு வயதில் அவனுக்கு முதல் வகை நீரிழிவு (கணையத்தின் இன்சுலின் செல்களை உடலின் எதிர்ப்பு சக்தியே அழிக்கும் நோய்) வந்தது. அன்றிலிருந்து அம்மா அவனுக்குத்தான். சொல்ல வெட்கமில்லை, எனக்கு அவன்மேல் எரிச்சல்.

அப்போதே டாக்டர் என் ரத்தத்தையும் பார்த்தார். தன்னெதிர்ப்புப் புரதங்கள் (சொந்தச் செல்களைத் தாக்க உடல் தயாராவதன் அடையாளம்) இருந்தன. ஆறு மாதத்துக்கொரு முறை வரச் சொன்னார். மூன்று முறை போனேன். அவன் வியாதியை என் தலையில் கட்டப் பார்க்கிறீர்களா என்று கத்திவிட்டு நிறுத்திவிட்டேன்.

இருவருக்கும் திருமழிசையில் ஒரே கம்பெனியில் வேலை. காலையில் சர்க்கரை பார்க்கும் மீட்டரைக் காட்டினால்தான் அம்மா மோகனுக்கு டிபன் பாக்ஸைத் தருவாள். அன்று, முந்தைய நாள் பூந்தமல்லியில் பரோட்டாவை வெளுத்துக்கட்டியிருந்தவன், அம்மா அடுப்படியில் இருந்தபோது மீட்டரோடு என்னிடம் வந்தான்.

"டேய், உன் விரல குடுடா. நல்ல நம்பர் வரும்."

பாசத்தில் கொடுக்கவில்லை. கம்பெனி பஸ் போய்விடும் என்று கொடுத்தேன்.

அம்மா திட்டியதும் மோகன் முகம் வெளுத்துவிட்டது. "எம்மா, அது என் ரத்தம் இல்ல. இவன்து."

"மீட்டர் கெட்டுப்போய் கீது" என்று பாய்ந்தேன். அவன் தன் விரலைக் குத்தினான். நூற்று முப்பது. என் விரலை மறுபடி குத்தினான். இருநூற்றுப் பத்து. ஒரு மாதமாகக் குடம் குடமாய்த் தண்ணீர் குடித்ததையும் பேன்ட் தொளதொளத்ததையும் பட்டறைச் சூடு என்றே நினைத்திருந்தேன், மடையன்.

டாக்டர் காய்ச்சி எடுத்தார். "அந்த அளவை நம்பி அவனுக்கு இன்சுலினைக் கூட்டிப் போட்டிருந்தா, சுயநினைவே போயிருக்கும். உன்னை வரச் சொன்னேனே, எங்கே போனே?" அவர்மேலும் கோபப்பட்டேன்.

பாரிவாக்கத்து அத்தை வந்து, "ஸ்வீட்டு நெறைய துன்னியா நைனா?" என்றாள். இனிப்பால் வருகிற நோயா இது?

உங்கள் வீட்டு இரட்டையரில் ஒருவருக்கு இது இருந்தால், மற்றவரைத் தரதரவென்று இழுத்தாவது பரிசோதனைக்குக் கொண்டுபோங்கள். திட்டினால் திட்டட்டும்.

இப்போது என் நாள் ஊசிக்கும் சோற்றுக்கும் நடுவில் ஓடுகிறது. என் உடம்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை. வீட்டில் எனக்கு முதல் ஊசியை வயிற்றில் போட்டுவிட்டவன் மோகன்.

"வலிக்குதாடா?"

பதினான்கு வருடம் ஒரே அறையில் அவன் குத்திக்கொண்டதைப் பார்த்தவன் நான். ஒரு நாளும் அதைக் கேட்டதில்லை.

"மூடிகினு போடா" என்றேன். வலித்தது.