ரயில் வராத கேட்

எங்கள் வீட்டில் நாவல் படித்தது அக்கா ஒருத்திதான். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டதோடு சரி. பிறகும் பெரிதாய்ப் படிக்கவில்லை. அந்த ஒரு கதை மட்டும் மறக்கவில்லை.

அப்போது சுங்கை பினாங் அடுக்குமாடியில் இருந்தோம். அக்காவுக்கு எஸ்.பி.எம். பரீட்சை வருடம். தமிழ் இலக்கியமும் எடுத்திருந்தாள். அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, இடைநிலைப் பள்ளியில் தமிழ் வாத்தியார். சாயங்காலம் வந்து அக்காவுக்கும் எதிர்வீட்டு அண்ணனுக்கும் பாடம் எடுப்பார். அந்த நேரம் டிவி கிடையாது. அதனால் நானும் உட்காருவேன். எட்டு வயது எனக்கு.

பழைய நாவல் அது. ஒருவன் ரயில்வே கேட்டில் வேலை பார்க்கிறான். அந்தப் பாதையில் ரயில் நின்றுபோய் வெகுகாலம். அவனுக்கும் தெரியும். ஆனாலும் நேரம் தவறாமல் கேட்டை மூடுவான். மாட்டுவண்டிக்காரர்களும் பேசாமல் நின்று காத்திருப்பார்கள். பிறகு திறப்பான். கிழவனாகியும் மூடித் திறந்துகொண்டே இருப்பான். ரயில் கடைசிவரை வராது. அவ்வளவுதான் கதை.

“இதுக்குப் பேருதான் அபத்தம்,” என்பார் மாமா. “பைத்தியம்னு எழுதி வைக்காதீங்க, மார்க் போயிரும். அர்த்தமில்லன்னு தெரிஞ்சும் ஏன் செய்றான், அத எழுதணும். வண்டிய நிறுத்திட்டு நிக்கிறான் பாரு, அவனையும் சேத்துக்க.”

கதையில் ஒரு விஷயம் தப்பாகச் சொன்னாலும் முட்டியில் ஸ்கேல் விழும். அக்காவின் கட்டுரை திரும்பத் திரும்ப சிவப்பு மையோடு வந்தது.

ஒருநாள் புத்தகத்தை மூடச் சொன்னார். நம் பக்கத்திலிருந்து அதுபோல ஒன்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் புரிந்ததாம்.

“நம்ம பிளாட் லிப்ட் சார்,” என்றான் எதிர்வீட்டு அண்ணன். “கெட்டுப்போச்சுன்னு தெரிஞ்சும் எல்லாரும் பட்டன அமுக்குறோம்.”

“அது பழக்கம்லா. வேற சொல்லு.”

அக்கா முகம் சட்டென்று மலர்ந்தது. “மாமா, அப்பா! அப்பாவும் அப்படித்தான். பட்டறையில மெஷினெல்லாம் ஏத்திட்டுப் போயிட்டாங்க. ஒரு ஆணிகூட இல்ல. அதுக்குப் போய் ராத்திரியெல்லாம் ஜாகா!”

உண்மைதான். கடலுக்கு அக்கரையில், மாக் மண்டினில் மூடிப்போன பட்டறைக்கு அப்பா காவல். அரைச் சம்பளம். முதலாளி தவுக்கே மறுபடி திறப்பார், முழுச் சம்பளம் தருவார் என்று நம்பியிருந்தார். பரீட்சை முடிந்ததும் அக்காவை மேலே ஆறாம் படிவம் படிக்க அனுப்புவது அந்த நம்பிக்கையில்தான். பட்டறை திறக்கவே இல்லை, அது வேறு விஷயம்.

“அப்படிப் போடு!” என்ற மாமா பாதியில் நிறுத்தினார். அப்பா சமையலறை வாசலில் நின்றிருந்தார். நீலச் சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தார். ஃபெரிக்குக் கிளம்பும் நேரம்.

எதிர்வீட்டு அண்ணன் சிரிப்பை விழுங்கினான். அக்கா தலை நிமிரவில்லை.

“அந்தக் கேட்டுக்காரன் கடைசியில என்ன ஆனான் தம்பி?” என்று அப்பா கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை.

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ரயில் விட்டுட்டாங்க மச்சான். கடைசி அத்தியாயத்துல. இவன் பாட்டுக்குக் கேட்ட மூடிட்டு நிக்கிறான், ரயில் வந்துருது.”

அப்பா அக்காவைப் பார்த்தார்.

“ஆமாப்பா,” என்றாள். “ஊரே வந்து பாக்குது.”

“பெட்டியெல்லாம் புதுசு அங்கிள்,” என்றான் எதிர்வீட்டு அண்ணன்.

எனக்குப் பொறுக்கவில்லை. “பொய்! ரயில் வரவே இல்ல. மாமாதானே நேத்து சொன்னீங்க, கடைசிவரைக்கும் வரலன்னு?”

அக்கா தொடையில் கிள்ளினாள். நல்ல கிள்ளு. அழுதேன்.

அப்பா உட்கார்ந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டினார். மெதுவாகத்தான் கட்டினார். ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“மாமா வாத்தியாரும்மா. அவருக்குத் தெரியாதா? ரயில் வந்துருச்சு.”

போய்விட்டார். கீழே மோட்டார் கிளம்பும் சத்தம் கேட்டது.

கதையைச் சரியாகச் சொன்னது நான் மட்டும். ஸ்கேல் யாருக்கும் விழவில்லை, கிள்ளு எனக்கு. அப்பாவுக்கும் கதை பிடிபடவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் பார்த்தால் அக்காவும் அழுதுகொண்டிருந்தாள். இவளை யார் கிள்ளினார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.