பார்வதிக்கு வாசிக்கத் தெரியாது

பார்வதிக்கு வாசிக்கத் தெரியாது. அது எனக்குத் தெரியும். தெரிந்தே அவளைப் பதுளைக்கு அழைத்துப் போனேன். அங்கே பள்ளிக்கூடத்தில் அவளைச் சேர்க்காதபோது அவள் தாயிடம் பொய் சொன்னேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன்.

இலங்கை சுதந்திரம் பெற்றுச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. யாழ்ப்பாணத்திலிருந்து வேலைக்கு வந்தவன் நான். பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். ஒற்றை அறைப் பள்ளிக்கூடம். எல்லா வகுப்புக்கும் நான் ஒருவனே. பார்வதி புத்தகத்தை விரித்து ஒரு வரி சொல்வாள், மற்றப் பிள்ளைகள் கூட்டமாகத் திருப்பிச் சொல்வார்கள். தினமும் அதுதான் பாடம். சத்தம் பெரிதென்றால் படிப்பும் பெரிதென்று தோட்டமே நம்பியது. நானும் நம்பினேனா? இல்லை... எனக்கு அது வசதியாக இருந்தது.

ஒருநாள் அவள் இரண்டு தாள்களைச் சேர்த்துப் புரட்டிவிட்டாள். விரல் வேறு பக்கத்தில் ஓடியது; வாயோ விடுபட்ட பக்கத்தை அட்சரம் பிசகாமல் சொல்லிக்கொண்டு போனது! நிறுத்தி, ஓர் எழுத்தைக் காட்டிக் கேட்டிருக்க வேண்டாமா? இன்ஸ்பெக்டர் வரும் நாள் நெருங்கியிருந்தது. விட்டுவிட்டேன். அவர் வந்தார், மெச்சினார். அது தலைக்கேறித்தான், அவளைப் பதுளையில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்த்துக் காட்டுகிறேன் என்று மார்தட்டினேன்.

அங்கே தலைமையாசிரியை புதிய புத்தகமொன்றை விரித்துக் கொடுத்தார். பார்வதி படத்தைப் பார்த்தாள். பசு. கணீரென்று தொடங்கினாள்... எங்கள் புத்தகத்துப் பசுப் பாடத்தை! அந்தப் பக்கத்தில் இருந்ததோ ஒரு பால்காரனின் கதை.

அவர் அவளை வெளியே அனுப்பிவிட்டு என்னிடம் மெல்லச் சொன்னார்.

"பிள்ளை கெட்டிக்காரி, மாஸ்டர். வாசிக்கப் பழக்கிப்போட்டு அடுத்த வருஷம் கூட்டிக்கொண்டு வாங்கோ. நான் எடுக்கிறன்."

எங்களோடு வந்திருந்த அவள் தாய் மாரியாயி வெளியே நின்றிருந்தாள். என் முகத்தைப் பார்த்தே கேட்டாள்.

"தோட்டத்துப் புள்ளைன்னு வேணாங்கிறாங்களா, வாத்தியாரய்யா?"

"ஓம்" என்று தலையாட்டினேன்.

எவ்வளவு சுலபமாக வந்தது அந்தச் சொல்! குடியுரிமை கேட்டுப் போன அரசாங்கக் கச்சேரியிலும் கடைவீதியிலும் அப்படித்தான் அவளைத் துரத்தியிருந்தார்கள். அதனால் அவள் சந்தேகிக்கவே இல்லை. என் பெயர் கெடக்கூடாது என்பதற்காக நான் அவளுடைய வலியை எடுத்து உபயோகித்தேன்... வேறென்ன சொல்ல?

"எங்களுக்காக இம்புட்டுத் தூரம் அலைஞ்சீங்களே, சாமி" என்று கும்பிட்டாள். அந்தக் கும்பிடையும் வாங்கிக்கொண்டேன்.

சில மாதங்களில் பார்வதி பள்ளியை விட்டு, கொழுந்து பறிக்கும் கூடையை மாட்டிக்கொண்டாள்.

அதன்பின் கூட்டமாகச் சொல்வதை நிறுத்தினேன். ஒவ்வொரு பிள்ளையும் தனியாக எழுந்து முன்பின் பாராத பக்கத்தை வாசிக்க வேண்டும். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, வாசித்ததைத் தன் சொந்தப் பேச்சில் சொல்ல வேண்டும். புரியாததைக் கேட்டால் திட்டமாட்டேன். பள்ளிக்கூடத்தில் சத்தம் அடங்கியது. வாத்தியாருக்குச் சோம்பல் வந்துவிட்டது என்றார்கள். ஆனால் பிள்ளைகள் வாசித்தார்கள்! பார்வதியின் தங்கை செல்லம்மா, சாமான் சுற்றிவந்த காகிதத்தைக்கூட வாசிக்காமல் விடமாட்டாள்.

அவளைப் பதுளைக்கு அனுப்பும்படி கேட்க, அவர்கள் குடியிருந்த லயத்துக்குப் போனேன்.

"வேணாங்கய்யா" என்றாள் மாரியாயி. "மூத்தவ பட்ட அவமானம் போதும். இந்தத் தோட்டத்துல யாருமே இப்ப புள்ளைங்கள அங்க அனுப்புறதில்ல. நீங்கதானே சொன்னீங்க, நம்மள எடுக்கமாட்டாங்கன்னு?"

உண்மையைச் சொல்லிவிட வாயைத் திறந்தேன். அதற்குள் பார்வதி தேத்தண்ணீர் கொண்டுவந்து மரியாதையாக என் முன்னே வைத்தாள். குடித்தேன்... எழுந்து வந்துவிட்டேன்.

அடுத்த வாரமே, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் செல்லம்மாவும் நின்றாள். என்னைக் கண்டதும் சிரித்துக் கும்பிட்டாள்.

தங்களுக்காகப் பதுளைவரை போய் வாதாடிய வாத்தியார் என்று இன்றும் அந்தத் தோட்டத்தில் என்னைப் பற்றிப் பேசுகிறார்களாம். நான் மறுத்துச் சொன்னதில்லை.